பிள்ளை என்ற பெயரின் வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவிலோ மொரீஷியஸிலோ ஃபிஜியிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் பூர்விக ஊரைத் தேடத் தொடங்கும்போது, கையில் இருப்பது பல நேரம் ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘பிள்ளை’. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தாத்தாவின் பத்திரத்தில் பிள்ளை இருக்கும், அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இருக்காது, பேரனுக்கு அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்று எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: நாம் எந்த ஊர்க்காரர்கள், யார் வழி வந்தவர்கள்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை என்பது ஒரு பட்டம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஊரையோ சாதியையோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் பட்டம் எப்படி வந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பட்டத்தில் தொடங்கினால் ஊர் கிடைப்பது அரிது. அதனால் தேடல் முழுக்க ஆளின் பெயர், அவர் தகப்பன் பெயர், தாலுக்கா, கிராமம் என்ற நான்கையும் நோக்கியே போகட்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த நான்கையும் பிடிக்கும் வழிகள்தான்.

படி 1: பட்டத்தின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளை என்றால் குழந்தை, மகன், இளையது. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்கள் என்று ஒன்பதைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அந்த வரிசையில் பிள்ளை உண்டு. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்றும் பேச்சில் புழங்குகிறது.

குழந்தையைக் குறிக்கும் சொல் மரியாதைப் பட்டமானதற்கு அரண்மனையும் கோவிலும் காரணம். அரசனின் மகன் ‘பிள்ளை’, ‘பிள்ளையார்’. ஞானசம்பந்தரைச் சைவர்கள் ஆளுடைய பிள்ளையார் என்றே சொல்வார்கள். அரசனுக்குப் பிள்ளை போன்றவர், கடவுளுக்குப் பிள்ளை போன்றவர் என்ற நெருக்கம் மெல்ல மெல்லப் பதவிக்கும் மதிப்புக்கும் அடையாளமாக மாறியது. ஊர்க் கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் கணக்கப்பிள்ளை என்ற பதவி இருந்தது. அங்கே கணக்கப்பிள்ளையின் பேரன் என்று ஒருவர் சொன்னால் அது அவர் தாத்தா பார்த்த வேலையைத்தான் குறிக்கும், குடும்பப் பட்டத்தை அல்ல. இந்த ஒரு குழப்பத்தாலேயே தவறான வம்சாவளி எழுதப்பட்டுவிடும், கவனம்.

படி 2: எத்தனை வகைப் பிள்ளைகள் என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். பிள்ளை என்றால் வெள்ளாளர் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சைவ வேளாளர், கார்காத்தார், சோழிய வெள்ளாளர், நாஞ்சில் நாட்டு வேளாளர் ஆகியோரிடையே இந்தப் பட்டம் பரவலாக இருந்தது உண்மை. ஆனால் அதோடு முடியவில்லை.

தஞ்சைப் பக்கத்து இசை வேளாளர் குடும்பங்களிலும் பிள்ளை உண்டு. நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நட்டுவாங்கத்தில் பேர் பெற்ற பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோர் அந்த மரபினர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) யாதவ குலத்தவர். ரங்கூனில் பெரும் வணிகராக இருந்து தமிழ்ப் புலவர்களை ஆதரித்த மதுரைப் பிள்ளை ஆதி திராவிட சமூகத்தில் பிறந்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஊர்க் கணக்கு எழுதிய கருணீகர்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இன்னும் பின்னே போனால், 13-ஆம் நூற்றாண்டு வைணவ ஆசாரியர்களான பெரியவாச்சான் பிள்ளையும் பிள்ளை லோகாசாரியரும் அந்தணர்கள்.

கேரளத்தில் நாயர்களின் பட்டங்களில் ஒன்று பிள்ளை. தகழி சிவசங்கரப் பிள்ளை, பட்டம் தாணு பிள்ளை போன்ற பெயர்கள் அந்த வழி. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்று ஒடுக்கப்பட்டவர்களுக்கு எட்டுவீட்டில் பிள்ளைமார் என்றே பெயர்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பல நேரம் பெயரின் உள்ளேயே இருக்கும். வேலுப்பிள்ளை, கந்தப்பிள்ளை என்று வைக்கும்போது அது இடுபெயரின் பகுதி. அங்கே மகனின் பெயரில் பிள்ளை இல்லாமல் போனால் பட்டத்தைத் துறந்தார் என்று பொருளில்லை, அவருக்கு வேறு பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். பெண்களுக்கும் இப்படி வரும். வள்ளிப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்பவை பெண்பெயர்கள். மதுரையின் களஞ்சியம் மகளிர் சேமிப்பு இயக்கத்துச் சின்னப்பிள்ளை பத்மஸ்ரீ வாங்கியவர். கடல் கடந்து போன கூலிகளின் கப்பல் பட்டியலில் ‘சின்னப்பிள்ளை’ என்று கண்டால் ஆணா பெண்ணா என்று பால் குறித்த கட்டத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பட்டங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. ‘கள்ளர், மறவர், கனத்த அகமுடையார், மெல்ல மெல்ல வந்து வெள்ளாளர் ஆனார்’ என்று ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஊரை விட்டுக் கடல் கடந்தவர்களுக்கு இந்த நகர்வு இன்னும் எளிதாக இருந்தது. கரும்புத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஜில்லாக்காரர். நீ யார் என்று கேட்டுச் சரிபார்க்க ஊர்ப் பெரியவர் யாரும் இல்லை. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து சொந்தமாக நிலம் வாங்கிய மனிதர் தன் பிள்ளைகளுக்கு மதிப்பான ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூலி என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் அழைத்த இடத்தில் ஒருவர் தனக்கென்று தேர்ந்துகொண்ட மரியாதை அது. உங்கள் தேடலில் அப்படி ஒன்று தெரியவந்தால் மறைக்காமல் எழுதி வையுங்கள்.

படி 3: எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள்

தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று விடுபவர்கள் அதிகம். ஆங்கிலத்தில் இந்தியாவில் கடைசி எழுத்து ‘ஐ’. தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் பெரும்பாலும் ‘ஒய்’. ஃபிஜியிலும் மலேசியாவிலும் இரண்டும் கலந்து வரும். பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது ‘புல்லே’ போல ஒலிக்கும். மலேயாவிலும் இலங்கையிலும் பழைய ஆவணங்களில் ‘புள்ளே’ என்று படிக்கும்படியான எழுத்துகள் கிடைக்கும், ஏனென்றால் பேச்சில் நாம் புள்ளை என்றுதானே சொல்கிறோம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்.

பட்டத்தைவிட இடுபெயரில்தான் சிதைவு அதிகம். முனுசாமி தென்னாப்பிரிக்காவில் மூன்சாமி ஆனார். ஆறுமுகம் மொரீஷியஸில் ஆர்மூகம். குப்புசாமி கூபூசாமி. சுப்பிரமணி சூப்ரமணி. ரீயூனியனிலும் குவாடலூப்பிலும் முத்துசாமி, வெங்கடசாமி போன்ற இடுபெயர்களே பிரெஞ்சு எழுத்தில் நிரந்தரக் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. ஒரு தாளில் உங்கள் முன்னோரின் பெயரைத் தமிழில் எழுதி, அதைத் தமிழே தெரியாத ஒருவர் காதால் கேட்டு எப்படியெல்லாம் எழுதுவார் என்று யோசித்துப் பத்துப் பன்னிரண்டு வடிவங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் ப, க, ட ஒவ்வொன்றுக்கும் உள்ள வல்லொலியும் மெல்லொலியும் ஆங்கில எழுத்தில் இடம் மாறியிருக்கும்.

படி 4: வீட்டில் இருப்பதை முதலில் சேகரியுங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு எழுதும் முன்பு வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் பேசிவிடுங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியவை: தாத்தாவின் தகப்பன் பெயர், பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், எந்தச் சாமிக்கு முடி இறக்குவது வழக்கம், வீட்டில் செத்தவர்களுக்கு எந்த மாதம் படைப்பது, ஊர்ப் பெயர் என்று காதில் விழுந்த ஏதாவது ஒலி. ஒலி தேய்ந்திருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு காகிதங்கள். திருமணப் பதிவு, இறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட், கோவில் நன்கொடை ரசீது, கல்லறை எழுத்து, திருமண அழைப்பிதழ். தென்னாப்பிரிக்கக் குடும்பமாக இருந்தால் இவற்றில் எங்காவது முன்னோருக்குக் கொடுத்த காலனி எண் தட்டுப்படலாம் (படி 5-இல் சொல்கிறேன்). அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே வீட்டில் அண்ணன் வழி ‘பிள்ளை’ என்றும் தம்பி வழி ‘மூன்சாமி’ என்றும் போவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பதிவு அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்குப் பட்டத்தையும் இன்னொரு பிள்ளைக்குத் தகப்பன் பெயரையும் கடைசிப் பெயராக எழுதியிருப்பார்கள். அடுத்த தலைமுறையில் அவை இரண்டு வேறு குடும்பங்கள்போல ஆகிவிடும். அதனால் குடும்பப் பெயரை மட்டும் பின்தொடர்ந்தால் சொந்தச் சித்தப்பா வழியையே தவறவிடுவீர்கள்.

படி 5: எந்த நாட்டு ஆவணம் என்று பாருங்கள்

*தென்னாப்பிரிக்கா.* ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் மாகாணம்) வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். சென்னையில் ஏறியவர்கள் எல்லோரும் தமிழர் என்று எண்ண வேண்டாம், தெலுங்கரும் நிறையப் பேர்.

ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுக்கா அல்லது தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பவை வரிசையாக இருக்கும். உலகில் ஏழை மனிதர்களைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிவைத்த பதிவுகள் குறைவு. அவர்களை மதித்து எழுதியதல்ல, தப்பினால் பிடிக்க எழுதியது. இன்று அது பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் பட்டியலைக் கணினியில் தேடும்படி ஆக்கியிருக்கிறது.

தேடும்போது ‘பிள்ளை’ என்று போட்டால் மிகக் கொஞ்சமே வரும். பெரும்பாலோர் ஒற்றைப் பெயரோடுதான் கப்பல் ஏறினார்கள். ‘ராமசாமி, தகப்பன் முத்து’ என்பது மாதிரி. பட்டம் பிறகு சேர்ந்தது. ஆகவே இடுபெயர், தகப்பன் பெயர், தோட்ட முதலாளி பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்ற நான்கையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டும். மனைவிக்குத் தனி எண், தனித் தகப்பன் பெயர், தனிக் கிராமம் உண்டு. பாட்டி வழியைத் தேட இதைவிட நல்ல வாய்ப்பு தமிழ்நாட்டு ஆவணங்களில்கூடக் கிடைக்காது.

எண் தெரியாவிட்டால் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயர் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கோப்புகளில் பெற்றோர் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கும், சிலவற்றில் காலனி எண்ணும் இருக்கும்.

பட்டியலில் முன்னோர் பெயரே இல்லையென்றால் அவர் சொந்தச் செலவில் வந்த வணிகராகவோ எழுத்தராகவோ இருந்திருக்கலாம். மொரீஷியஸில் பிறந்து பிறகு தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குப் போனவர்களும் உண்டு. காந்தியுடன் சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர்தான்.

*மொரீஷியஸ்.* 1834 தொடங்கி ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர்கள் இங்கே இறக்கப்பட்டார்கள். அவர்கள் ஏறிவந்த படிக்கட்டுள்ள அப்ரவாசி காட் 2006-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களில் இருந்து புகைப்படமும் எடுத்தார்கள், எனவே சிலருக்குக் கொள்ளுத்தாத்தாவின் முகமே கிடைக்கும். ஆனால் மொரீஷியஸ் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அல்ல. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, லா பூர்தோனே ஆளுநராக இருந்த காலத்தில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் போனார்கள். பின்னால் வணிகர்களும் சேர்ந்தார்கள். அந்த வழியினருக்குப் பிரெஞ்சுக் காலத்து நோட்டரி ஆவணங்களும் தேவாலயப் பதிவுகளும்தான் துணை.

*ஃபிஜி.* 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். சென்னையிலிருந்து ஆள் அனுப்பியது 1903-இல்தான் தொடங்கியது. ஆகவே ஃபிஜிப் பிள்ளைக்கு அதற்கு முந்தைய வருடங்களில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு இருந்தது. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பெறலாம். 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் கிளைகளில் பழைய உறுப்பினர்களை விசாரிப்பதும் பயன் தரும்.

*பிரெஞ்சு இந்தியா.* புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்கள் ஒரு நிரந்தரக் குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் ஆனார். இப்படி ஒரே கையெழுத்தில் பிள்ளை மறைந்துபோன குடும்பங்கள் பல. இவர்களுடைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பெயர் துறந்த பத்திரத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்கும்.

*மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மலையகம்.* இங்கே நிலைமை கடினம். பெரும்பாலோர் கங்காணி வழியாகப் போனவர்கள். கங்காணி தன் ஊரிலேயே ஆள் சேர்த்தார், அதனால் நேட்டால் போலத் தனித்தனி எண் போட்ட பட்டியல் இல்லை. அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரே தோட்டத்துக்கு வந்த பல குடும்பங்கள் ஒரே தாலுக்காவைச் சேர்ந்தவையாக இருக்கும். உங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மறந்துபோயிருந்தால் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) குடும்பத்தின் வாரிசுகளைக் கேளுங்கள். பழைய கோவில்களின் நன்கொடைக் கல்வெட்டுகளில் பெயரோடு ஊரும் பொறித்திருப்பார்கள். சிங்கப்பூரில் 1819-இல் ராஃபிள்ஸுடன் வந்து இறங்கிய நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோவில் இன்றும் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. நகரத்து வணிகக் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட கோவில்களே முதல் தடயம்.

படி 6: பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டமாக மாற்றுங்கள்

ஆவணத்தில் கிடைத்த ஜில்லாவை அப்படியே இன்றைய வரைபடத்தில் தேடினால் ஏமாற்றம்தான். வட ஆர்க்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. 1911-க்கு முந்தைய ஆவணம் என்றால் ஆந்திரத்தின் சித்தூரும் அதற்குள் வரும். நேட்டால் பட்டியலில் இந்த ஜில்லாவின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தென் ஆர்க்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடக்கம். தஞ்சாவூர் என்றால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும் சேர்த்து. சேலத்தில் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி.

1910 ஒரு முக்கியமான கோடு. அந்த வருடம்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உருவாக்கினார்கள். அதனால் 1905-ஆம் ஆண்டுப் பதிவில் ‘திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுக்கா’ என்று இருந்தால் நீங்கள் போக வேண்டியது இன்றைய விருதுநகர் மாவட்டம். கரூரும் அந்த வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்கு மாறியது.

ஊர்ப் பெயர்களையும் வெள்ளைக்கார வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கஞ்சீவரம் காஞ்சிபுரம், ஷியாலி சீர்காழி, நெகபட்டம் நாகப்பட்டினம், டிரினாமலி திருவண்ணாமலை, வாண்டிவாஷ் வந்தவாசி. தாலுக்கா சரியாகப் பிடிபட்டால் கிராமத்தைத் தேடுவது எளிது. தாலுக்கா இல்லாமல் ‘புதூர்’ என்றோ ‘நல்லூர்’ என்றோ மட்டும் இருந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அந்த நிலையில் கணவன், மனைவி, ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் வந்தவர்கள் எல்லோருடைய கிராமங்களையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்தே பதிவு செய்துகொண்டிருப்பார்கள், அதில் ஒருவருடைய கிராமமாவது தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

படி 7: ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியது

கிராமத்தில் இறங்கியதும் ‘பிள்ளைமார் தெரு எங்கே?’ என்று கேட்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் முன்னோர் அந்தத் தெருவில் இருந்தவரா என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. முதல் கேள்வியிலேயே சாதியைப் பிடித்துக்கொண்டால் ஊரின் பாதி வாசல்கள் மூடிவிடும். அதற்குப் பதில் ‘நூறு நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் கதை யாருக்காவது தெரியுமா?’ என்று டீக்கடையிலும் கோவில் திண்ணையிலும் கேளுங்கள். காணாமல் போன ஒரு பெரியப்பாவின் கதையை வைத்திருக்கும் வீடு எங்காவது இருக்கும்.

அடுத்தது குலதெய்வம். வீட்டில் வழிவழியாகச் சொன்ன சாமிப் பெயர் அந்தப் பக்கத்துக் கோவிலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். குலதெய்வக் கோவிலுக்கு யார் யார் வரி கொடுக்கிறார்கள் என்ற கணக்கு பூசாரியிடமோ தலைக்கட்டு வரி வசூலிப்பவரிடமோ இருக்கும். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஊரை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போனவர்கள்கூடக் குலதெய்வத்தை விடுவதில்லை, அதனால் வீடு இடிந்து போயிருந்தாலும் இந்த வழி திறந்திருக்கும்.

காகித வழியும் உண்டு. பரம்பரைக் கணக்கப்பிள்ளை முறை 1980-இல் ஒழிக்கப்பட்டு, இப்போது கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். அவரிடம் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் இருக்கும். இன்னும் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திர நகல் கேட்கலாம். நிலமே இல்லாத குடும்பங்கள் இந்தப் பதிவுகளில் வராது. கப்பல் ஏறியவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள்.

பழைய பத்திரத்தில் வருடம் பசலியில் (நில வரிக்கான வருவாய்த் துறை ஆண்டு) இருக்கும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் வேறு ஆதாரத்தோடு சரிபார்க்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம். தரங்கம்பாடி, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய சபைகளில் பெற்றோர் பெயரும், மதம் மாறுவதற்கு முந்தைய பெயரும் சில நேரம் கிடைக்கும்.

நேட்டாலிலிருந்து ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்களும் கணிசமாக இருந்தார்கள். 1927-இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்த கேப் டவுன் உடன்பாட்டுக்குப் பிறகு அரசு உதவியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் ஊரில் பிழைக்க வழியில்லாமல் சென்னையிலேயே தங்கினார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் கிராமத்தில் இல்லாமல் சென்னை நகருக்குள் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

படி 8: நாகர்கோவில் பக்கம் என்றால் அம்மா வழியைத் தேடுங்கள்

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையின் துயரத்தைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அது மாறியது. ஆகவே அதற்கு முந்தைய காலத்து ஆவணங்களில் தகப்பன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் நூல் அறுந்துபோகும். தாய், தாய்மாமன், அவர்களின் வீட்டுப் பெயர் என்று போக வேண்டும்.

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி தமிழ்நாட்டில் இல்லை. எனவே பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் (கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கு) இருக்கும். ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் அந்த ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். திருவனந்தபுரத்துக் காப்பகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு

குடும்பப் பெயர்களுக்கு உலகத் தரவரிசை போடும் இணையதளங்கள் உண்டு. பிள்ளை விஷயத்தில் அவற்றை நம்ப வேண்டாம். ‘ஐ’யில் முடிவதை ஒரு பெயராகவும் ‘ஒய்’யில் முடிவதை இன்னொரு பெயராகவும் எண்ணுவார்கள். அதைவிடப் பெரிய காரணம், இந்தப் பட்டம் பிறந்த நாட்டிலேயே பெயரிலிருந்து போய்விட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதற்குப் பிந்தைய இரண்டு தலைமுறையில் தமிழ்நாடு தகப்பன் பெயரின் முதலெழுத்துக்கு (இனிஷியல்) மாறியது. இன்று வாக்காளர் பட்டியலில் பிள்ளையைத் தேடினால் வயதானவர்கள் சிலர்தான் கிடைப்பார்கள். இந்தியாவில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது. அதிலும் எண்ணியது சாதியை, பட்டத்தை அல்ல. பிள்ளை என்போர் பல தலைப்புகளில் சிதறிக் கிடப்பார்கள்.

பட்டம் நிலைத்தது தமிழ்நாட்டுக்கு வெளியேதான். டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் போன்ற இந்தியர் பகுதிகளில், நாயுடு, கவுண்டர், முதலி, செட்டி, ரெட்டி, படையாச்சி ஆகிய பெயர்களோடு பிள்ளையும் தெருவுக்குத் தெரு இருக்கும். ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பனில் 1941-இல் பிறந்தவர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸை வளர்த்த ஜே. ஒய். பிள்ளை மலேயாவின் கிள்ளானில் பிறந்தவர். ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை புனே அருகே கட்கியில் பிறந்த தமிழர். மகாராஷ்டிரப் பள்ளிகளில் கடைசிப் பெயர் எழுதியே ஆக வேண்டும் என்பதால் அங்கே போன தமிழ்க் குடும்பங்கள் பட்டத்தை விடாமல் வைத்திருந்தன. கேரளத்தில் இன்னும் புழக்கத்தில் உள்ளது, இளையவர்களிடம் குறைந்து வருகிறது.

படி 10: கண்டதை எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆவணத்தில் உள்ள எழுத்து அப்படியே ஒரு வரியில், நீங்கள் ஊகித்த தமிழ்ப் பெயர் அடுத்த வரியில். இரண்டையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது பதிவேட்டில் இருந்ததா, பாட்டி சொன்னதா, உங்கள் ஊகமா என்று குறியுங்கள். பட்டம் எந்த வருட ஆவணத்தில் முதன்முதலாக வருகிறது என்பதைத் தனியாகக் குறித்துவிடுங்கள், பின்னால் வருபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர், கிராமம் இரண்டையும் விடாமல் சேருங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைக் குடும்பத்தில் குறைந்தது மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள், அதில் ஒன்று வேறு நாட்டில் இருக்கும் வீடாக இருக்கட்டும்.